காணாமல் போன உயில்: தேடலும் சட்டமும்

ஒருவர் இறந்த பிறகு அவருடைய உயில் கிடைக்கவில்லை என்றால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். அவர் உயிலே எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதிவிட்டு, மனம் மாறித் தாமே கிழித்துப் போட்டிருக்கலாம். எழுதிய உயிலை எங்கோ வைத்து மறந்திருக்கலாம். அது தொலைந்திருக்கலாம், அல்லது வேறு யாரேனும் மறைத்திருக்கலாம். வீட்டில் இருப்பவர்களுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். சட்டம் மட்டும் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறது. முதல் இரண்டு நிலைகளிலும் சொத்து வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். மூன்றாவதில் உயில் செல்லும். தாள்தான் கையில் இல்லை. நடந்தது எது என்பதை முறையாகத் தேடித்தான் அறிய முடியும். அந்தத் தேடல் நடந்த விதமே பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் ஆகிறது.

உயில் கிடைக்காமல் போவதால் எல்லோருக்கும் ஒரே அளவு இழப்பு வருவதில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்து மனைவி, மகன், மகள், தாய் ஆகிய முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். உயிலும் அதையே சொல்லியிருந்தால் அது தொலைந்ததால் பெரிய பாதகம் இல்லை. முறைப்படி தத்தெடுக்காமல் வளர்த்த பெண், பிள்ளைகள் வெளியூரில் இருக்கக் கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்ட தங்கை மகன், அன்னதானக் கட்டளைக்கு எழுதிவைத்த ஒரு ஏக்கர் நிலம் ஆகியவற்றின் நிலை அப்படியில்லை. பிள்ளைகள் உயிரோடு இருக்கும்போது இவர்களுக்கு அந்தத் தாளைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. வீட்டுச் சாவியோ பெரும்பாலும் உயில் இல்லாவிட்டால் லாபமடைகிறவர் கையில்தான் இருக்கும். ஆகவே தேடலைத் தள்ளிப்போடாமல், பல பேர் முன்னிலையில் நடத்துவது நல்லது. எவ்வளவு சொத்துள்ளவருக்கும் இந்தச் சிக்கல் வரலாம். முதலமைச்சராக இருக்கும்போதே 2016 டிசம்பரில் காலமான ஜெயலலிதாவின் உயில் என்று எதுவும் வெளிவராததால், அவருடைய அண்ணன் பிள்ளைகளான தீபாவும் தீபக்கும்தான் சட்டப்படியான வாரிசுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

எதைத் தேடுவது

உயில் எப்படி இருக்கும் என்று தெரியாமல் தேடுகிறவர்கள் அதைக் கையில் எடுத்தும் கவனிக்காமல் வைத்துவிடுவார்கள். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. பத்திரத் தாளில் எழுதும் பழக்கம் பலரிடம் இருந்தாலும், கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதியதும் செல்லும். பதிவும் கட்டாயமில்லை, 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அதை விருப்பத்துக்கே விட்டுவிட்டது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்பது, எழுதியவரின் கையெழுத்து அல்லது கைரேகையும், குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்துமே. அவர் கையெழுத்திட்டதைச் சாட்சிகள் ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தம் கையெழுத்துதான் என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும்.

அமெரிக்கப் பாடகி அரீத்தா பிராங்க்ளின் 2018 ஆகஸ்டில் இறந்தபோது, அவர் உயில் எழுதவில்லை என்றே குடும்பத்தார் நம்பினார்கள். மறு ஆண்டு வீட்டைத் துழாவியபோது 2010-இல் கையால் எழுதிய உயில் பூட்டிய அலமாரியில் கிடைத்தது. 2014-இல் எழுதிய இன்னொன்று, சோபா மெத்தைக்கு அடியில் கிடந்த ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. அடித்தல் திருத்தல்களோடு இருந்த அந்த நோட்டைத்தான் 2023 ஜூலையில் மிச்சிகன் மாநில ஜூரி செல்லும் உயிலாக ஏற்றது. இந்தியாவில் அந்த நோட்டு நின்றிருக்காது. அதில் சாட்சிக் கையெழுத்து இல்லை. தேடுகிறவர்கள் இரண்டையும் நினைவில் வைக்க வேண்டும்: எந்தத் தாளையும் அற்பமென்று ஒதுக்கக்கூடாது, கிடைத்த தாளில் சாட்சிகள் இருக்கிறார்களா என்று பார்க்காமல் மகிழவும் கூடாது.

வீட்டுக்குள் தேடத் தொடங்க வேண்டிய இடம் மூலப்பத்திரக் கட்டு. நிலப் பத்திரம், பட்டா நகல், வீட்டு வரி ரசீது எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில் அல்லது துணிப்பையில் இருக்கும்; உயில் எழுதியவர் அதையும் அங்கேயே செருகியிருப்பார். அடுத்தது பீரோவின் உள் அறை, டிரங்குப் பெட்டி, பூஜை அறையில் சுவாமி படத்தின் பின்புறம், எல்.ஐ.சி. பாலிசிகள், பழைய டைரிகள். முதியோர் இல்லத்திலோ மகள் வீட்டிலோ கடைசிக் காலத்தைக் கழித்தவரானால் அங்கே விட்டுச் சென்ற பெட்டியையும் பார்க்க வேண்டும். உயில் அகப்படாவிட்டாலும் அதன் தடயம் அகப்படலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பணம் கட்டிய ரசீது, பத்திர எழுத்தரின் கைபேசி எண் கிறுக்கிய துண்டுச் சீட்டு, திருத்தக் குறிகளோடு கூடிய வரைவு, ஜெராக்ஸ் பிரதி எதையும் தூக்கிப் போடக்கூடாது. வரைவுக்கும் நகலுக்கும் சட்டத்தில் எவ்வளவு மதிப்பு என்பது பின்னால் வருகிறது.

உயில் கிடைத்துவிட்டால் அதைக் கிடைத்தபடியே வைத்திருக்க வேண்டும். பின்னைக் கழற்றி வேறு தாளோடு சேர்ப்பது, ஓரத்தில் குறிப்பு எழுதுவது, லேமினேட் செய்வது எல்லாம் பிறகு சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். உறையோடு கிடைத்தால் உறையும் முக்கியம். யார் யார் இருக்கும்போது, எந்த அலமாரியிலிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று ஒரு தாளில் எழுதி, கூட இருந்தவர்கள் கையெழுத்திட்டு வைத்தால் போதும். உடன்பிறந்தவர்களுக்குள் வரக்கூடிய பாதிச் சண்டையை அந்தத் தாள் தவிர்க்கும்.

வங்கி லாக்கரில் இருக்கக்கூடும் என்று தோன்றினால் வழி சற்றுச் சுற்று. லாக்கருக்கு நியமனதாரர் இருந்தால் அவரும், இல்லையென்றால் வாரிசுகளும் மரணச் சான்றிதழோடு வங்கியை அணுக வேண்டும். வங்கி சாட்சிகள் முன்னிலையில் திறந்து உள்ளிருப்பதைப் பட்டியலிட்டுத்தான் ஒப்படைக்கும். முத்திரையிட்ட உறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லை. எனவே பட்டியலில் ‘மூடிய உறை 1’ என்று மட்டும் இருக்கும் ஒன்று உயிலாகவே இருக்கலாம். மற்ற வாரிசுகள் அந்த வரியைக் கவனித்துக் கேட்க வேண்டும். நியமனதாரர் பெயரில் இருப்பதெல்லாம் அவருக்கே சொந்தம் என்ற நம்பிக்கையும் தவறு. காப்பீட்டுத் தொகை பற்றி 1984-இல் சர்பதி தேவி வழக்கிலும், பங்குகள் பற்றி 2023-இல் சக்தி எஸ்தானி வழக்கிலும், நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவரே தவிர வாரிசுரிமையை மாற்றக்கூடியவர் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. உயில் கிடைத்தால் அதுவே மேலோங்கும்.

மனிதர்களிடம் தேடுவதும் அலமாரிகளில் தேடுவதும் ஒன்றாகவே நடக்க வேண்டும். குடும்ப வழக்கறிஞர், பத்திர எழுத்தர், கணக்குப் பார்க்கும் ஆடிட்டர், பழைய அலுவலக நண்பர் ஆகிய நால்வரில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கும். உயில் எழுதியவர் நல்ல நினைவோடு இருந்தார் என்று சான்று தருவதற்காகக் குடும்ப மருத்துவரையே சாட்சியாகப் போடும் வழக்கமும் உண்டு, அவரையும் கேட்கலாம்.

மூன்றாம் புத்தகம்

தமிழ்நாட்டில் உயில் தேடுகிறவர்கள் மிகுதியாகத் தவறுவது ஒரே இடத்தில்: வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, அதில் உயில் வரவில்லை என்றவுடன் உயில் பதிவாகவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வில்லங்கச் சான்று அசையாச் சொத்து பற்றிய முதல் புத்தகப் பதிவுகளிலிருந்து வருவது. கிரயம், அடமானம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை எல்லாம் அதில் இருக்கும். உயில்கள் தனியே மூன்றாம் புத்தகத்தில் ஏறுகின்றன. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பதிவின் நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே கிடைக்கும். மரணத்துக்குப் பின் யார் மனுச் செய்தாலும் நகல் தர வேண்டும் என்று பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. வாரிசு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இறப்பை நிரூபித்தால் போதும். சட்டம் இவ்வளவு தாராளமாக இருந்தும் இதை அறிந்தவர்கள் குறைவு என்பது வருந்தத்தக்கது.

தேடலைப் பதிவு அலுவலரே செய்ய வேண்டும். முதல் புத்தகத்தைப் போல மூன்றாம் புத்தகத்தை மனுதாரர் தாமே புரட்டிப் பார்க்க முடியாது. அதன் அட்டவணையில் உயில் எழுதியவர் பெயர், உயிலை நடைமுறைப்படுத்த அவர் நியமித்த நிறைவேற்றாளர் பெயர் ஆகியவை இருக்கும். இறந்தவரின் பெயரை அவர் எழுதிய எல்லா வடிவங்களிலும் மனுவில் கொடுப்பது அவசியம். தந்தை பெயரின் முதலெழுத்து மாறினாலும், ‘சுப்ரமணியன்’ ஓரிடத்தில் ‘சுப்பிரமணியம்’ ஆனாலும் தேடுகிறவர் கண்ணில் படாமல் போகும்.

எந்த அலுவலகத்தில் தேடுவது என்பதுதான் கடினமான கேள்வி. கிரயப் பத்திரத்தைச் சொத்து இருக்கும் எல்லைக்குரிய அலுவலகத்தில் பதிய வேண்டும். உயிலுக்கு அந்தக் கட்டு இல்லை. எந்தச் சார்பதிவாளரிடமும் பதியலாம். திருநெல்வேலியில் நிலம் வைத்திருப்பவர் தாம்பரத்தில் மகன் வீட்டில் இருந்தபோது அங்கேயே பதிந்திருக்கலாம். ஆகவே கடைசியாக வசித்த ஊர், சொந்த ஊர், சொத்துள்ள ஊர், பிள்ளைகள் வசிக்கும் ஊர், நீண்ட சிகிச்சைக்காகத் தங்கிய ஊர் என்று ஒரு பட்டியல் போட்டு ஒவ்வோர் அலுவலகத்திலும் மனுச் செய்ய வேண்டும். பெங்களூருவிலோ மும்பையிலோ சில காலம் இருந்தவரானால் அந்த மாநிலப் பதிவுத்துறையையும் விடக்கூடாது.

பதிவு வேறு, வைப்பு வேறு. முத்திரையிட்ட உறையில் உயிலை மாவட்டப் பதிவாளரிடம் வைத்துவிட்டுப் போகும் வசதியைப் பதிவுச் சட்டத்தின் 42 முதல் 45 வரையிலான பிரிவுகள் தருகின்றன. அதிலுள்ள வாசகம் அலுவலருக்கும் தெரியாது. வைத்தவர் இறந்த பிறகு யாரேனும் மனுச் செய்தால், பதிவாளர் அவர் முன்னிலையில் உறையைப் பிரித்து, அவர் செலவில் மூன்றாம் புத்தகத்தில் நகலெடுத்துக்கொண்டு, அசலைத் திரும்பவும் தம் பொறுப்பிலேயே வைப்பார். சார்பதிவாளர் அலுவலகத்தோடு தேடலை நிறுத்திவிடுகிறவர்களுக்கு இந்த உறை இருப்பதே தெரியாமல் போகும்.

பதிவான உயில் என்றால் அசல் தொலைந்தாலும் பாதிக் கவலை தீர்ந்தது. பதிவு அலுவலர் கையொப்பமும் முத்திரையும் கொண்ட நகல், அசலின் வாசகத்தை நிரூபிக்க ஏற்கப்படும். அடையாளம் காட்டிய சாட்சிகளின் பெயரும் முகவரியும் அதிலேயே கிடைக்கும். ஆனாலும் பதிவானது என்பதாலேயே உயில் மெய்யென்று ஆகிவிடாது; கையெழுத்திட்ட சாட்சிகளில் ஒருவரையாவது விசாரித்தாக வேண்டும் என்ற விதி பதிவான உயிலுக்கும் உண்டு.

மறைத்து வைத்தவரிடமிருந்து

உயில் இன்னாரிடம் இருக்கிறது என்று தெரிந்தும் அவர் கொடுக்க மறுத்தால் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 267-ஆம் பிரிவு, உயில் என்று சொல்லத்தக்க எந்தத் தாளையும் நீதிமன்றத்தில் கொண்டுவந்து வைக்கும்படி உத்தரவிட மாவட்ட நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. தாள் அவரிடம் இருப்பது உறுதியாகத் தெரியாமல், அதைப் பற்றி அவருக்குத் தெரியும் என்று நம்பக் காரணம் இருந்தால்கூட அவரை அழைத்து விசாரிக்கலாம். வாரிசுரிமைச் சட்டத்தில் இவ்வளவு கூர்மையான கருவி இருந்தும், பெரும்பாலான குடும்பங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுவதோடு நின்றுவிடுகின்றன. உயிலை மோசடியாக அழிப்பதும் மறைப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 343-ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். இது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 477-ஆம் பிரிவிலிருந்து வந்தது.

தேடியும் கிடைக்காதபோது

இங்கே சட்டம் கேட்கும் முதல் கேள்வி, உயில் கடைசியாக யாரிடம் இருந்தது என்பது. வழக்கறிஞரிடமோ நிறைவேற்றாளரிடமோ கொடுத்து வைத்திருந்து தொலைந்தது என்றால், எழுதியவர் அதை ரத்து செய்தார் என்று ஊகிக்க இடமில்லை. அவர் கையிலேயே இருந்து, இறந்த பின் காணவில்லை என்றால், அவரே அழித்திருப்பார் என்ற ஊகத்தை இங்கிலாந்து நீதிமன்றங்கள் வளர்த்தன. எதிர்ச் சாட்சியம் இருந்தால் உடையக்கூடிய ஊகம் அது.

அந்த ஊகம் உடைந்த புகழ்பெற்ற வழக்கு, உயில் சட்டத்தில் கரைகண்ட ஒருவருடையது. இங்கிலாந்தின் முன்னாள் தலைமைச் சான்சலர் செயின்ட் லியனார்ட்ஸ் பிரபு, சொத்துச் சட்டம் பற்றிப் பொது மக்களுக்காகக் கையேடு எழுதியவர். 1875 ஜனவரியில் 93 வயதில் இறந்தார். 1870-இல் எழுதிய உயிலை ஒரு சிறு பெட்டியில் வைத்திருந்தார். திறந்து பார்த்தபோது உயில் அதில் இல்லை. ஆனால் அதைத் திருத்திப் பின்னர் எழுதிய இணைப்பு உயில்கள் எட்டும் கிடைத்தன. அவரோடு வாழ்ந்து, அவருடைய எழுத்து வேலைகளைக் கவனித்துவந்த மகள் சார்லட் சக்டன், பலமுறை படித்துப் பழகிய அந்த உயிலின் வாசகத்தை நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தார். அதனால் நன்மை அடையப்போகிறவர்களில் அவரும் ஒருவர். ஆயினும் அவருடைய நேர்மையிலும் நினைவாற்றலிலும் நீதிபதிகளுக்கு ஐயம் எழவில்லை. உயில் எழுதுவதன் அருமையை வாழ்நாளெல்லாம் பேசிய மனிதர், மகளுக்கு ஏற்பாடு இல்லாமல் போகும்படி அதைத் தாமே அழித்திருக்கமாட்டார் என்று கொண்டு, 1876-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மகளின் நினைவையே உயிலுக்குச் சான்றாக ஏற்றது.

இந்தியாவில் இந்த ஊகம் இன்னும் வலுக்குறைந்தது. வீட்டில் பத்திரங்களைப் பூட்டி ஒழுங்காக வைக்கும் பழக்கம் குறைவாக உள்ள சூழலில், தாள் காணவில்லை என்பதை மட்டும் வைத்து ரத்து என்று முடிவு செய்யலாகாது என்ற எச்சரிக்கை, 1915-இல் பிரிவி கவுன்சில் தீர்த்த பத்மன் – ஹன்வந்தா வழக்கிலிருந்து, 1970-களின் இறுதியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த துர்கா பிரசாத் – தேவி சரண் வழக்கு வரை தொடர்கிறது. இந்த எச்சரிக்கை நியாயமானது. கூட்டுக் குடும்பத்தில் ஒரே பீரோவை ஏழெட்டுப் பேர் திறந்து மூடும்போது, காணாமல் போன தாளுக்கு இறந்தவரை மட்டும் பொறுப்பாக்குவது எப்படிச் சரியாகும்?

அழித்தது அவரில்லை என்று காட்ட முடிந்தால், இந்திய வாரிசுரிமைச் சட்டம் மூன்று வழிகளைத் திறக்கிறது. எழுதியவர் இறந்த பின் உயில் தொலைந்தாலோ, அவர் செயலால் அன்றித் தவறாலோ விபத்தாலோ அழிந்தாலோ, நகலோ வரைவோ இருந்தால் அதற்கே புரோபேட் எனப்படும் உயில் மெய்ப்புச் சான்று பெறலாம். அசல் கிடைக்கும்வரை அது செல்லும் என்கிறது பிரிவு 237. பத்திர எழுத்தரின் கணினியில் கிடக்கும் வரைவுக்கும் ஜெராக்ஸ் பிரதிக்கும் மதிப்பு வருவது இங்கேதான். நகலும் வரைவும் இல்லாவிட்டால், வாசகத்தைச் சாட்சியத்தால் நிறுவி அந்த வாசகத்துக்கே சான்று பெறலாம் என்பது பிரிவு 238; சார்லட் சக்டன் செய்ததும் இதுதான். உயில் இருப்பதாக நம்பக் காரணம் இருந்து இன்னும் அகப்படாவிட்டால், அது கிடைக்கும்வரை சொத்தை நிர்வகிக்க ஒருவருக்கு அதிகாரம் தரலாம் என்பது பிரிவு 240. வாடகை வசூலும் வரி கட்டுவதும் நின்றுபோகும் வீடுகளுக்கு இந்த மூன்றாவது வழி பெரிய உதவி.

மூன்றிலும் மனுதாரர் சுமக்க வேண்டிய பாரம் கனமானது. உயில் முறைப்படி கையெழுத்தானது, சாட்சிகள் இருந்தார்கள், உண்மையாகவே தேடினோம், கிடைக்கவில்லை என்பதை ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டும். எந்தெந்த அலுவலகத்தில் எந்தத் தேதியில் மனுப் போட்டது, லாக்கரை எப்போது திறந்தது, யாருக்குக் கடிதம் எழுதியது என்ற குறிப்புகளும், ‘பதிவு இல்லை’ என்று அலுவலகங்கள் கொடுத்த பதில்களும் அப்போதுதான் கைகொடுக்கும். 1959-ஆம் ஆண்டு வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, சந்தேகத்துக்கிடமான சூழல் இருந்தால் அதை நீக்கும் பொறுப்பும் உயிலை முன்வைப்பவருக்கே.

கிடைத்த பிறகு

முதலில் கிடைத்த உயிலோடு தேடலை நிறுத்துவது ஆபத்து. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும். பதிவான உயிலை அதற்குப் பின் எழுதிய பதிவாகாத உயில் ரத்து செய்யலாம். பழைய பெட்டியில் கிடைத்த 40 ஆண்டு உயிலென்றால் இன்னொரு சிக்கல்: 30 ஆண்டு கடந்த ஆவணத்துக்குச் சாட்சியச் சட்டம் தரும் சலுகை உயிலுக்குப் பொருந்தாது என்று 2009-இல் பர்பூர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாட்சிகள் இறந்திருந்தால், ஒருவருடைய கையெழுத்தையாவது அறிந்தவர்கள் வந்து அடையாளம் காட்ட வேண்டும். எழுதியவரின் கையெழுத்தையும் அவ்வாறே நிறுவ வேண்டும்.

இறந்த பின் கிடைத்த பதிவாகாத உயிலை நிறைவேற்றாளரோ பயன்பெறுபவரோ சார்பதிவாளரிடம் கொண்டுபோய்ப் பதியலாம். அதற்குக் கால வரம்பு இல்லை. புரோபேட் கேட்பதற்கு மூன்றாண்டு வரம்பு பொருந்தும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்த மூன்றாண்டு, மனுச் செய்ய வேண்டிய தேவை எழும்போது தொடங்குகிறது. இறந்த நாளிலிருந்தே ஓடுவதில்லை. சென்னை நகர எல்லைக்குள் எழுதிய, அல்லது அங்குள்ள அசையாச் சொத்தைப் பற்றிய இந்துக்களின் உயிலுக்குப் புரோபேட் நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. அந்தக் கட்டாயத்தை விதித்த 213-ஆம் பிரிவு 2025 டிசம்பரில் நீக்கப்பட்டது. தொலைந்த உயிலைப் பொறுத்தவரை அதனால் அதிக மாற்றமில்லை. நகலை மட்டும் காட்டினால் வங்கியும் வட்டாட்சியரும் ஏற்கத் தயங்குவார்கள் என்பதால் நீதிமன்றச் சான்றின் தேவை அப்படியே இருக்கிறது.

இஸ்லாமியர்களின் நிலை வேறு. அவர்கள் சட்டத்தில் வாய்மொழி உயிலும் செல்லும். ஆகவே தாள் தொலைந்ததால் மட்டும் உரிமை போகாது. மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க முடியாது என்ற வரம்பு மட்டும் உண்டு.

எல்லாம் பிரித்து முடித்த பிறகு உயில் வெளிப்படுவதும் நடக்கிறது. ஒரு உயிலுக்குப் புரோபேட் வாங்கிய பின் அதற்குப் பிந்தைய உயிலோ இணைப்பு உயிலோ கிடைத்தால், கொடுத்த சான்றை ரத்து செய்ய அதுவே தக்க காரணம் என்று 263-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகள் சொல்கின்றன. அந்த இடைக்காலத்தில், சான்று வைத்திருந்தவரிடம் நல்லெண்ணத்தோடு கடனைத் திருப்பிக் கொடுத்தவருக்கு 297-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அவர் மறுபடியும் கொடுக்க வேண்டியதில்லை. புதிதாகக் கிடைத்த உயிலின்படி உரியவர், பணத்தைப் பெற்றுக்கொண்டவரிடம்தான் கணக்குக் கேட்க வேண்டும்.